“அஞ்சு நிமிஷம்தான் அண்ணே”: திருகோணமலையில் சக்கர நாற்காலிக் கட்டம் யாருக்கு?

உவர்மலையான்
சனி, காலை 7.40

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வருசம். இடக்கையும் இடக்காலும் இன்னும் முழுதாகச் சொல் கேட்பதில்லை. வீட்டுக்குள் கைத்தடியோடு சமாளிப்பார், வெளியே என்றால் நான் பிடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை பென்சன் எடுக்க வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மெஷினில் எடுத்துத் தருகிறேன் என்றால் கேட்கமாட்டார். கவுண்டருக்குப் போய், புத்தகத்தில் பதிந்து, காசைத் தன் கையால் எண்ணினால்தான் அவருக்கு அது பென்சன்.

நகருக்குள் இருக்கும் ஒரு வங்கி, பெயர் வேண்டாம். வாசலோடு ஒட்டி, நடக்க ஏலாதவர்களின் வாகனத்துக்கென்று நீலப் பெயின்ற் அடித்த கட்டம் ஒன்று உண்டு. நடுவில் சக்கர நாற்காலிப் படம், பக்கத்தில் மஞ்சளில் சாய்கோடு போட்ட வெறும் இடம். நேற்று அதில் ஒரு டபுள் கெப் நின்றது. சரி என்று தெருவோரம் நிறுத்தினேன்.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. முன் சீட்டில் இருப்பவர் இடக் கதவால்தான் இறங்க வேண்டும். தெருவோரம் நிறுத்தினால் அந்தக் கதவு நேரே வடிகானுக்குத் திறக்கும். அந்த இடத்தில் கானுக்குப் போட்ட கொங்கிறீற் மூடி உடைந்து கம்பி வெளியே தெரிகிறது. அப்பாவுக்குச் சரியில்லாதது இடக்கால், முதலில் கீழே வைக்க வேண்டியதும் அதே கால். வைத்தார். கால் தப்பியது, செருப்பு கானுக்குள் போய்விட்டது.

ஒரு காலில் செருப்போடு உள்ளே வந்தார். நாற்பது வருசம் அயர்ன் கலையாத சட்டையோடு தபால் கந்தோருக்குப் போன மனுசன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் முதலில் காலைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள்.

வெளியே வரும்போது கெப்காரரும் வந்தார். கேட்டேன். “அஞ்சு நிமிஷம்தான் அண்ணே, உள்ளுக்க ஒரு சைன் வைக்க இருந்தது.” நாங்கள் வந்து 22 நிமிடம் ஆகியிருந்தது. செக்கியூரிட்டித் தம்பியைப் பார்த்தேன். “சேர்மார்ட வாகனம் அண்ணே, நான் என்னத்தச் சொல்ல?”

கேள்வி இதுதான். இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சண்டை பிடிப்பீர்களா?


கிண்ணியா நானா
சனி, காலை 8.15

வாசித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது தம்பி. வாப்பாவுக்கு என் சலாம்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அந்த மாதிரிக் கட்டத்தில் ஓட்டோவை விட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பிரதான வீதியில் பத்து மணிக்கு மேல் ஓட்டோவை எங்கே போடுவது, நீங்களே சொல்லுங்கள். சுற்றிச் சுற்றி மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். வந்து பார்த்தால் அந்த நீலக் கட்டம் மட்டும் ஆளில்லாமல் கிடக்கும். ஒரு நாள் முழுக்க வெயில் காய்ந்துகொண்டு கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். “யாரும் வாறதில்லையே, நாம வச்சா என்ன” என்றுதான் தோன்றும். கெட்ட எண்ணம் இல்லை.

யாரும் வராத இடத்தை எதற்குக் காலியாக வைத்திருக்க வேண்டும்? சண்டைக்குக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்கிறேன்.


நாலுசில்லு
சனி, காலை 9.02

நானா, யாரும் வருவதில்லை என்று சொல்கிறீர்களே, நான் வருகிறேன். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறேன். திரும்பிப் போகிறவளை நீங்கள் எப்படிக் காண்பது?

என்னுடையது ஸ்கூட்டி, பின்னால் இரண்டு பக்கமும் சில்லுப் பூட்டியது. வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 என்றால் போதும், மிச்சம் உங்களுக்கே தெரியும். பொய்க்கால் போட்டிருக்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதற்குள் வியர்த்துப் புண் வந்துவிடும். அந்த நாட்களில் ஊன்றுகோல்தான்.

அந்த மஞ்சள் சாய்கோடு போட்ட இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சும்மா மிஞ்சிப்போன இடம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு நீலக் கட்டத்தைவிட அந்த மஞ்சள் இடம்தான் முக்கியம். ஸ்கூட்டியை நிறுத்தி, ஊன்றுகோல் இரண்டையும் இழுத்து எடுத்து, ஒன்றைத் தரையில் ஊன்றி, உடம்பைத் திருப்பி, மற்றதையும் ஊன்றி எழும்ப வேண்டும். இதற்குப் பக்கவாட்டில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் வேண்டும். சக்கர நாற்காலிக்காரருக்கு இன்னும் கூட. கார்க் கதவை முழுதாகத் திறந்து, நாற்காலியைக் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒட்டி வைத்து, உடம்பை அதில் மாற்ற வேண்டும். அந்த இடத்துக்குள்தான் மோட்டார் சைக்கிள்காரர் அழகாகச் செருகிவிட்டுப் போகிறார்கள். “கட்டத்துக்குள்ள வைக்கல்லையே அக்கா” என்று ஒரு தம்பி நியாயம் வேறு சொன்னான்.

சில நேரம் வீட்டுக்குப் போகவும் முடியாது. ஸ்கூட்டியில் ஏறிய பிறகு இறங்க இடம் கிடைக்காவிட்டால், யாராவது வந்து வாகனத்தை எடுக்கும்வரை அதன்மேலேயே வெயிலில் இருக்க வேண்டியதுதான். ஒருநாள் முக்கால் மணித்தியாலம் அப்படி இருந்தேன். கட்டத்துக்குள் அன்றைக்குக் கிடந்தது வாகனமும் இல்லை, ஊருக்குள் திரிகிற புள்ளிமான் ஒன்று. ஹோன் அடித்தேன், காதை மட்டும் ஆட்டியது. திருமலையில் மானோடு யார் வழக்குப் பேசுவது? அதை மன்னிக்கலாம், அதற்கு வாசிக்கத் தெரியாது.

இன்னொரு விசயம், இதை யாரும் பேசுவதில்லை. கட்டம் காலியாக இருந்து, நான் போய் நிறுத்தினாலும் செக்கியூரிட்டி கலைக்கிறார். “மோட்டார் சைக்கிள் எல்லாம் அங்கால தங்கச்சி.” பொய்க்கால் போட்டு நீளப் பாவாடை கட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. “இது எனக்குரிய இடம் அண்ணே” என்றேன். படத்தைக் காட்டி, “இதில நாற்காலிதானே கீறியிருக்கு, உங்களிட்ட நாற்காலி இல்லையே” என்றார். என்ன செய்வது? பாவாடையைத் தூக்கிக் காட்டவா?


சும்மா ஒரு ஆள்
சனி, காலை 10.30

கோபிக்க வேண்டாம். வடிகானுக்கே மூடி இல்லாத ஊரில் நீலக் கட்டத்துக்கு அடிபடுவது கொஞ்சம் கூடுதல் இல்லையா? முதலில் தெருவைச் சரி செய்யட்டும். ஏலாதவர்களை இந்த வெயிலில் இழுத்துக்கொண்டு திரிவதைவிட வீட்டில் வைத்து ஒருவர் போய் வேலையை முடித்து வந்தால் எல்லாருக்கும் லேசு.


உவர்மலையான்
சனி, காலை 10.41

வீட்டில் வைத்தால் யாருக்கு லேசு என்று சொல்லுங்கள், அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் இப்போது பேப்பர் வாசித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருக்கிறார்.


நாலுசில்லு
சனி, காலை 10.48

சும்மா ஒரு ஆள் அண்ணே, நான் வேலைக்குப் போகிறவள். என்னை வீட்டில் வைத்தால் என் சம்பளத்தை யார் தருவது? நீங்கள் தருவதென்றால் யோசிக்கலாம்.


பழைய டீஓ
சனி, மதியம் 12.20

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டட வரைபடங்களோடு காலம் போனது. எனவே சட்டப் பக்கம் இரண்டு சொல்.

இது யாரும் போடுகிற பிச்சை இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாத்தற் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் போய்வருகிற எந்தக் கட்டடத்துக்குள்ளும் ஒருவர் வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக அவருக்குத் தடை போட முடியாது என்று அதில் எழுதியிருக்கிறது. மீறினால் பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தச் சட்டத்தின் கீழ் 2006இல் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. சாய்வுப் பாதை, கதவு, மலசலகூடம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

வர்த்தமானி வந்தால் மட்டும் போதுமா? அலுமாரிக்குள் கிடந்தது. அதை வெளியே இழுத்தவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும், அவர் நடுவராக இருந்தவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, அதன்பின் சக்கர நாற்காலிதான். உயர் நீதிமன்றத்துக்குத் தானே போனார், வழக்கைத் தானே பேசினார். 2009 ஏப்ரலில், புதிதாகக் கட்டுகிற பொதுக் கட்டடங்கள் இந்த ஒழுங்குவிதிகளை மீறக்கூடாது என்று கட்டளை வந்தது. 2020இல் காலமானார். அதற்கு முன்பே, 2016இல், வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திவிட்டது. தாளில் நமக்குக் குறை இல்லை.

குறை எங்கே என்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். சாய்வுப் பாதைக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயர வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் ஓட வேண்டும். ஓரிடத்தில் இரண்டு படி உயரத்துக்கு, அது சரியாக ஒரு அடி, நாலு அடியில் சாய்வு போட்டிருந்தார்கள். மேசன் பாஸிடம் கேட்டேன். “இடம் இல்லை ஐயா, சும்மா ஒரு பேருக்குத்தானே.” அதில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் மல்லாக்க விழும், மழைக்காலத்தில் நடக்கிற ஆளும் சறுக்குவார். நீலக் கட்டமும் பல இடத்தில் அப்படித்தான். வரைபடத்தில் இருக்கிறது, சேட்டிபிக்கற் எடுக்கும் நாளில் பெயின்ற் புதிதாக இருக்கிறது. அடுத்த கிழமை அதில் பூச்சாடி இருக்கும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர்.

நாலுசில்லுத் தங்கைச்சிக்கு ஒரு செய்தி. அந்தப் படத்தை முதலில் கீறியவர் சுசான் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி, 1968இல். அவர் கீறியபோது நாற்காலி மட்டும்தான் இருந்தது, மேலே தலை இல்லை. ஆள் ஒருவர் இருப்பது தெரியட்டும் என்று பிறகுதான் தலைக்கு ஒரு வட்டம் சேர்த்தார்கள். உங்கள் செக்கியூரிட்டி இன்னும் தலை வைக்காத படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல.


ஸ்காபரோ திருமலை
சனி, மாலை 6.55

இங்கே காலை, கோப்பியோடு வாசிக்கிறேன். உவர்மலையான், அப்பாவை நினைத்தால் கண் கலங்குகிறது.

கனடாவின் ஒன்ராறியோவில் இதற்கு அட்டை தருவார்கள். வைத்தியர் போன்ற ஒருவர் படிவத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அட்டை ஆளுக்குத்தான், வாகனத்துக்கு இல்லை. அதனால் என் காரில் அம்மா வந்தால் மாட்டலாம், அம்மா வராவிட்டால் மாட்டக்கூடாது. பிடிபட்டால் குறைந்தது 300 டொலர், சட்டப்படி 5000 வரை போகலாம். இதைச் சொன்னால் ஊரில் எல்லாரும் “பார்த்தீங்களா, வெளிநாட்டில எப்படி” என்பார்கள். பொறுங்கள்.

என் உறவுக்காரர் ஒருவர், யார் என்று சொல்லவில்லை. அவருடைய தாயாருக்கு அட்டை இருந்தது. தாயார் தவறி எட்டு மாதம். போன கிழமை அவருடைய காரில் ஏறினேன். அட்டை இன்னும் கண்ணாடியில் தொங்குகிறது. மோலில் வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “அம்மா இருந்தும் உதவினா, இல்லாமலும் உதவுறா” என்று சிரித்தார். நானும் இறங்கி அவரோடு உள்ளே போனேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது, எனக்கும் குளிர். இப்போது இதை எழுதும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.


லண்டன் மாமி
சனி, இரவு 9.10

இங்கே நீல அட்டை. 1971இல் தொடங்கும்போது செம்மஞ்சள் நிறமாக இருந்ததாம், 2000இல் நீலமாக்கினார்கள். தவறாகப் பாவித்தால் 1000 பவுண் வரை தண்டம். எனக்கு அதைவிட முக்கியமானது 2019 ஓகஸ்ட். அந்த மாதம்தான் இங்கிலாந்தில் வெளியே தெரியாத வருத்தங்களுக்கும் அட்டை கிடைக்கும்படி விதியை விரித்தார்கள்.

எனக்கு நுரையீரல் வருத்தம். பார்த்தால் கல்லுமாதிரி இருப்பேன், சேலை கட்டிப் பொட்டு வைத்தால் கலியாண வீட்டில் நான்தான் முன்வரிசை. இருபது யார் நடந்தால் மூச்சு நின்றுவிடும். கட்டத்தில் நிறுத்திவிட்டு இறங்கும்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், “உனக்கு என்ன குறை?” என்று கேட்டார். அவர் நல்ல மனுசன்தான், கட்டத்தைக் காப்பாற்றத்தான் கேட்டார்.

அதனால்தான் சொல்கிறேன் பிள்ளைகள், ஆளைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். போன வருசம் திருமலைக்கு வந்தபோது கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோட்டை வாசலிலிருந்து ஏற்றம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், கச்சான் விற்கிற பிள்ளை தன் முக்காலியை எடுத்துத் தந்தது. என்ன வருத்தம் என்று கேட்கவே இல்லை.


கிண்ணியா நானா
ஞாயிறு, காலை 6.30

இரவு முழுக்க இதே யோசனை. நாலுசில்லுத் தங்கச்சி, நீங்கள் கேட்டது குத்திவிட்டது. திரும்பிப் போகிறவரை நான் காணவில்லைதான். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்தி பாதையில், அதுதான் மிதவையில், வாகனத்தை ஏற்றி இக்கரை வர வேண்டும். உம்மாவுக்குச் சுகமில்லாமல் கொண்டு வந்த ஒருநாள், அவசரத்துக்கு விட்ட இடத்தில் ஒரு லொறியை ஏற்றிவிட்டார்கள். லொறிக்காரரும் “கொஞ்ச நேரந்தானே” என்றார். 2009இல் பாலம் திறந்ததும் அதை மறந்துபோனேன்.

ஆனால் ஓட்டோக்காரனாக ஒன்று கேட்க வேண்டும். ஏலாத ஒருவரை நான் ஏற்றி வந்தால், அவரை இறக்க அந்தக் கட்டத்துக்குள் போகலாமா? போனால் செக்கியூரிட்டி என்னையும் கலைக்கிறார். இந்த ஊரில் காரில் வருகிற நோயாளியைவிட ஓட்டோவில் வருகிற நோயாளிதான் கூட.


பழைய டீஓ
ஞாயிறு, காலை 8.05

நல்ல கேள்வி. ஸ்காபரோக்காரர் சொன்ன அதே கணக்கை வையுங்கள், உரிமை ஆளுக்கு, வாகனத்துக்கு இல்லை. அவரை ஏற்றி வந்தால் உங்கள் ஓட்டோ அவருடைய வாகனம். இறக்கிவிட்டுக் காத்திருந்து ஏற்றுவதும் நியாயம். அவரை வீட்டில் விட்டுவிட்டுச் சாமான் வாங்கத் திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்தினால் நீங்கள் அந்த டபுள் கெப்.

யாரும் வராத இடம் என்று முதலில் எழுதினீர்களே, அதற்கும் ஒன்று: 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதத்தினர் ஏதாவதொரு வலுவிழப்போடு இருந்தார்கள், ஆள் கணக்கில் 16 இலட்சம். பார்வைக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு இருந்தது நடப்பதில் சிரமம்.


சும்மா ஒரு ஆள்
ஞாயிறு, காலை 9.15

நான் எழுதியது பிழை. மன்னிக்கவும். பென்சன் ஐயாவுக்கும் சொல்லுங்கள்.


உவர்மலையான்
ஞாயிறு, காலை 9.40

சொல்லிவிட்டேன். “செருப்புக்குக் காசு தருவாராமா?” என்று கேட்கச் சொன்னார். பகிடிதான்.

எல்லாரும் சொன்னதை வைத்து ஒரு கடிதம் எழுதி நாளை மனேஜரிடம் நேரே கொடுக்கப் போகிறேன். மூன்று விசயம்: மஞ்சள் இடத்தில் மோட்டார் சைக்கிள் விடக்கூடாது, ஆளை ஏற்றிவரும் ஓட்டோவையும் சில்லுப் பூட்டிய ஸ்கூட்டியையும் கலைக்கக்கூடாது, செக்கியூரிட்டித் தம்பிக்கு “சேர்மாரிடம்” சொல்கிற அதிகாரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். கெப்காரர் ஒரு போன் எடுத்தால் அவருடைய வேலை போய்விடும்.


உவர்மலையான்
ஒரு மாதத்துக்குப் பிறகு, வெள்ளி, மதியம் 1.15

அடுத்த பென்சன் நாளும் வந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

மனேஜர் நல்லவர், அல்லது நல்லவராக நடந்துகொண்டார். கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே வந்து கட்டத்தைப் பார்த்தார். அப்போது அதில் நின்றது அவர்களுடைய ஆட்களில் ஒருவரின் கார். எனக்கு முன்னாலேயே எடுக்க வைத்தார். இரண்டு கிழமையில் புதுப் பெயின்ற், சுவரில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பலகை. தமிழில் எழுத்துப் பிழை இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டத்தின் வாயில் இரண்டு கம்பம் நட்டு, சங்கிலி போட்டு, பூட்டும் போட்டிருக்கிறார்கள். சாவி செக்கியூரிட்டியிடம்.

இன்று காலை போனோம். கட்டம் காலி! சங்கிலிக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஹோன் அடித்தேன். செக்கியூரிட்டித் தம்பி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார், சாவியும் அவரோடு போயிருந்தது. பத்து நிமிடம். ஓடி வந்து திறந்தார், பாவம், வாயில் வடைத்துண்டு. அப்பா இறங்கினார். அவசரம் இல்லை, கான் இல்லை, கதவு முழுதாகத் திறந்தது. புதுச் செருப்பு. கவுண்டரில் காசை இரண்டு தரம் எண்ணினார்.

முழு வெற்றி இல்லை என்றாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது.


நாலுசில்லு
வெள்ளி, மதியம் 1.50

சந்தோசம் அண்ணே. அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

நானும் செவ்வாய்க்கிழமை போனேன். இந்த முறை என்னைக் கலைக்கவில்லை, “வாங்க தங்கச்சி” என்றார். ஆனால் அந்தச் சங்கிலி. அவர் இல்லாத நேரம், சாவி இருந்தாலும் அதைத் திறக்க நான் ஸ்கூட்டியை விட்டு இறங்க வேண்டும். இறங்குவதற்குத்தானே அந்த இடமே.

மனேஜரிடம் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் கோன் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். கோன் என்றால் முன்சில்லால் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவேன்.